புதுப் போன் வாங்கப் போகுமுன்



ஒரு காலத்தில் நலன்புரி அலுவலகத்துக்கு முன்பணக் கடிதம் கேட்டு வருகிறவர்கள் கூரைத் தகடு, கலியாணம், பிள்ளையின் படிப்பு என்று காரணம் சொல்வார்கள். இப்போது மாதத்தில் இரண்டு மூன்று பேராவது, "ஐயா, ஒரு டச் போன் வாங்கணும்" என்று வந்து நிற்கிறார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கிற மகனின் முகத்தைப் பார்க்க, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்து வருகிற அறிவித்தலை வாசிக்க, வங்கிக்குக் காசு வந்ததா என்று அறிய, எல்லாவற்றுக்கும் இன்று போன்தான் வேண்டும். ஆனால் மாதச் சம்பளத்தை விடக் கூடிய விலையில் வாங்குகிற ஒரு பொருளை, கத்தி வாங்குகிற அளவு கவனம் கூட இல்லாமல் வாங்குகிறோம். கத்தியை எடுத்தால் பிடியை அசைத்துப் பார்க்கிறோம், விளிம்பில் விரலை வைத்துப் பார்க்கிறோம். போனை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். அதனால் இம்மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டேன்.

நடந்த ஒரு சம்பவம்

வாவிக்கு வடக்கே ஒரு தென்னந்தோட்டத்தில் மட்டை உரிக்கிற அக்கா ஒருவர். மகன் கட்டாரில் வேலை. போன வருடம் அவர் தவணை முறையில் பெரிய போன் ஒன்றை வாங்கினார். கடைக்காரத் தம்பி, "108 மெகாபிக்சல் கமரா அக்கா, இந்த விலைக்கு வேற கிடைக்காது" என்று சொல்லியிருக்கிறார். அக்காவும் நம்பி எடுத்துவிட்டார்.

ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அவருடைய அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. போனை எடுத்தால் திரை கறுப்பு. மாலையில் பேரப்பிள்ளை வீடியோ பார்த்திருக்கிறான். மிச்சம் இருந்த சார்ஜும் இறங்கிப்போய்விட்டது. அக்கா இருட்டில் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அங்கிருந்த பெரியவரின் பழைய பட்டன் போனில்தான் 1990க்கு அழைத்தார்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. அம்மா பிழைத்துக்கொண்டா.

மறுகா ஒரு நாள் அக்கா என்னிடம் சொன்னது இது: "எழுவத்தெட்டாயிரம் ரூபா போன் செத்துக் கிடந்துது ஐயா. அந்த அப்பாட பட்டன் போன்தான் எங்கட அம்மாவக் காப்பாத்தினது."

இதில் போன் கூடாத போன் என்று சொல்ல முடியாது. அது அந்த அக்காவின் வீட்டுக்கும் வேலைக்கும் பொருந்தாத போன். அதை வாங்குமுன்னே அறிந்துகொள்ளலாம். எப்படி என்பதுதான் பாடம்.

1. முதலில் உங்கள் ஒரு நாளை எழுதுங்கள்

கடைக்குப் போகுமுன் பிள்ளையின் கொப்பியில் ஒரு தாள் எடுங்கள். காலையில் எழும்பியது முதல் படுக்கும் வரை போனால் உங்களுக்கு என்னென்ன வேலை என்று எழுதுங்கள். அந்த அக்காவும் நானும் பிறகு இருந்து எழுதிய பட்டியல் இப்படி வந்தது.

காலை 5 மணிக்கு எழுப்ப வேண்டும். வேலைத்தலத்தில் கங்காணியின் அழைப்புக் கேட்க வேண்டும். மாலையில் மகனுடன் அரை மணித்தியாலம் முகம் பார்த்துப் பேச வேண்டும். பள்ளிக்கூட வட்ஸ்அப் செய்தி வாசிக்க வேண்டும். சம்பளச் சிட்டைப் படம் எடுத்து வைக்க வேண்டும். இரவில் அவசரத்துக்கு அழைக்கச் சார்ஜ் மிஞ்ச வேண்டும்.

ஆறு வேலை. இதில் 108 மெகாபிக்சல் எதற்கும் தேவை இல்லை. நாள் முழுக்க நிற்கிற பற்றரி, உரத்த சத்தம், வீட்டில் நல்லாகப் பிடிக்கிற சிக்னல், இந்த மூன்றும்தான் முதலில் வேண்டியிருந்தன. அவற்றைப் பற்றிக் கடையில் யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

2. பெட்டியில் உள்ள இலக்கங்களின் அர்த்தம்

போன் பெட்டியில் நாலைந்து இலக்கங்கள் பெரிதாக அச்சடித்திருக்கும். அவற்றை நம்முடைய தோட்ட வேலையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

ரேம்: இது தேங்காய் உரிக்கிற இடம் மாதிரி. இடம் அகலமாக இருந்தால் நாலு பேர் ஒரே நேரத்தில் உரிக்கலாம். ஒடுக்கமாக இருந்தால் ஒருவர் முடித்துப் போன பிறகுதான் மற்றவர் வரலாம். ரேம் குறைந்த போனில் வட்ஸ்அப்பைத் திறந்தால் வங்கிச் செயலி மூடிக்கொள்ளும், தொட்டால் யோசித்து யோசித்து வேலை செய்யும். 

சேமிப்பு இடம்: இது கொப்பரா அடுக்குகிற களஞ்சியம். 64 ஜிபி என்று போட்டிருந்தாலும் முழுதும் உங்களுக்கு இல்லை. போனை இயக்குகிற மென்பொருளே அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தைக் காலை வணக்கப் படங்களும் கோயில் வீடியோக்களும் நிரப்பும். களஞ்சியம் நிரம்பினால் போன் மந்தமாகும். வட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்திவைத்தால் இடமும் மிஞ்சும், டேட்டாக் காசும் மிஞ்சும்.

புரொசெசர்: இவர்தான் உரிக்கிற ஆள். இடமும் களஞ்சியமும் பெரிதாக இருந்து ஆள் நோஞ்சானாக இருந்தால் வேலை நடக்காது. பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கையில் எடுத்து நாலைந்து செயலிகளை அடுத்தடுத்துத் திறந்து பார்ப்பதுதான் வழி.

மெகாபிக்சல்: ஒரு மெகாபிக்சல் என்றால் பத்து இலட்சம் புள்ளிகள். புள்ளி கூடினால் படம் தெளிவு என்று நினைக்கிறோம். படத்தின் தெளிவு கமராவின் கண்ணாடி வில்லை, ஒளியை வாங்குகிற தகட்டின் அளவு இவற்றிலும்தான் தங்கியிருக்கிறது. அதோடு, வட்ஸ்அப்பில் வழக்கம் போல் அனுப்புகிற படத்தை அது சுருக்கித்தான் அனுப்பும். 108 மெகாபிக்சலில் எடுத்தாலும் கட்டாரில் மகன் பார்ப்பது சுருக்கிய படத்தைத்தான்.

மில்லி அம்பியர் மணி: இது பற்றரியின் கொள்ளளவு, தண்ணீர்ப் பீப்பாயின் அளவு போல. இப்போது 5000 என்பது சாதாரணமாகக் கிடைக்கிற அளவு. ஆனால் பீப்பாய் பெரிதாக இருந்தும் குழாயைத் திறந்துவிட்டால் என்ன பிரயோசனம்? வெளிச்சமான பெரிய திரைதான் அந்தக் குழாய். இன்னொரு குழாயும் இருக்கிறது. அதை நாலாவது பகுதியில் சொல்கிறேன்.

3. கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

வெட்கப்பட வேண்டாம். காசு உங்களுடையது. "தம்பி, கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பார்வைக்கு வைத்திருக்கிற போனில் இவற்றைச் செய்து பாருங்கள்.

வெயில் சோதனை. கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் திரையைப் பாருங்கள். கடைக்குள் மின்னுகிற திரை தென்னந்தோட்டத்து மத்தியான வெயிலில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். எழுத்தை வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

கைச் சோதனை. இது நம்மவர்களுக்கு மிகவும் முக்கியம். டச் திரை நம் விரலில் இருக்கிற மின் தன்மையை உணர்ந்துதான் வேலை செய்கிறது. மட்டை உரித்து, கயிறு திரித்து, கஜுப் பால் பட்டுத் தடித்த விரலைச் சில திரைகள் சரியாக உணராது. ஈரக் கையும் அப்படித்தான், தண்ணீர் பட்டால் திரை குழம்பும். விரல் அடையாளத்தால் திறக்கிற வசதி இன்னும் மோசம். ரேகை தேய்ந்த விரலை அது ஆளே இல்லை என்று சொல்லிவிடும். நீங்களே உங்கள் விரலால் பத்து முறை தொட்டு எழுதிப் பாருங்கள். மகன் தொட்டுப் பார்த்து "நல்ல போன்" என்று சொல்வது உங்களுக்கு உதவாது. வீட்டுக்கு வந்ததும் விரல் அடையாளத்தோடு ஒரு பின் இலக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தச் சோதனை. தெருவோரத்தில் நின்று வீட்டுக்கு ஒரு அழைப்பு எடுங்கள். மற்றவர் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா, நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். காது கொஞ்சம் மந்தமான பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.

சிட்டுச் சோதனை. பழைய சம்பளச் சிட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கடையின் மங்கலான ஒரு மூலையில் வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். இலக்கங்கள் தெளிவாக வாசிக்க முடிந்தால் உங்கள் தேவைக்கு அந்தக் கமரா போதும்.

தமிழ்ச் சோதனை. மெனுவைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். தமிழில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். இது ஒரு காலத்தில் கிடைக்காத வசதி. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் மூலம் 2005 இல்தான் கைத்தொலைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புவது பொதுமக்கள் பாவனைக்கு வந்தது. 2014 இல் வந்த அன்ட்ரொயிட் 5.0 இல் தமிழும் சிங்களமும் மெனு மொழிகளாகச் சேர்ந்தன. 2017 இல் கூகுள், பேசினால் எழுதிக்கொள்கிற வசதியை இலங்கைத் தமிழுக்கும் கொடுத்தது. எழுதப் படிக்கக் கஷ்டப்படுகிற அம்மாமார் மைக் அடையாளத்தைத் தொட்டுப் பேசினால் அது எழுதித் தரும். இந்த வசதி வேலை செய்கிறதா என்று கடையிலேயே பேசிப் பாருங்கள். நம்மூர்ப் பேச்சில் சில சொற்களைப் பிழையாக எழுதும். அனுப்புமுன் யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள்.

4. சிக்னலும் பற்றரியும்

மேலே சொன்ன இன்னொரு குழாய் சிக்னல்தான். கோபுரம் தூரமாக இருந்தால் போன் அதை எட்டுவதற்குத் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் தொடாமல் வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்கும். படுவான்கரைப் பக்கம் உள்ளூர்களிலும் அடர்ந்த தென்னந்தோட்டங்களுக்குள்ளும் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. அந்த அக்காவின் வீட்டிலும் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடுதான்.

ஆகையால் போன் வாங்குமுன், உங்கள் வீட்டு வாசலில் எந்தக் கம்பனியின் சிக்னல் நல்லாகப் பிடிக்கிறது என்று அயலவர்களிடம் கேளுங்கள். அந்தச் சிம்மைப் போட்டுப் பாருங்கள். நல்ல சிம் ஒன்று மாற்றினாலே பழைய போன் இன்னும் இரண்டு வருடம் ஓடக்கூடும். போன் 4ஜி வழியாகவே குரல் அழைப்பு எடுக்குமா என்றும் கேளுங்கள். சில மலிவான போன்களில் டேட்டா மட்டும்தான் 4ஜியில் போகும், அழைப்புக்குப் பழைய வலையமைப்புக்கு இறங்கும்.

பற்றரி தேய்கிற பொருள். போன் பற்றரிகள் சார்ஜ் ஏறி இறங்க ஏறி இறங்கக் கொள்ளளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும். சூடு அதற்குப் பெரிய எதிரி. வெயிலில் வைக்க வேண்டாம், தலையணைக்குக் கீழ் வைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டாம். பற்றரி வீங்கினால் அந்தப் போனைப் பாவிப்பதை உடனே நிறுத்துங்கள்.

2022 பங்குனியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். நமது மாவட்டத்தில் 1978 நவம்பர் 23 சூறாவளியையும் 2004 டிசம்பர் 26 கடல்கோளையும் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படியான நேரத்தில் கோபுரத்துக்கும் மின்சாரம் இல்லாமல் சிக்னல் நின்றுவிடும். எப்.எம். வானொலி உள்ள போன் என்றால் செய்தி கேட்கலாம். அதற்கு டேட்டா வேண்டாம், ஆனால் வயர் உள்ள காதுக்கருவியைச் செருக வேண்டும், அந்த வயர்தான் ஏரியல். சில புதிய போன்களில் அந்தத் துளையே இல்லை. கரையோரத்தில் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

5. தண்ணீர்: என் சொந்தப் பிழை

உங்களுக்குப் புத்தி சொல்கிற நானும் ஏமாந்தவன்தான். சில வருடங்களுக்கு முன் மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்குக் குருமன்வெளித் துறையில் இருந்து பாதையில் போனேன். மேல் சட்டைப் பையில் புதுப் போன். குனிந்தேன், போன் வாவிக்குள் விழுந்தது. ஒரு தம்பி குதித்து எடுத்துத் தந்தார். நான் கவலைப்படவில்லை. பெட்டியில் "ஐபி 67, தண்ணீர் போகாது" என்று கடைக்காரர் காட்டியிருந்தார். வீட்டுக்கு வந்து துடைத்துவிட்டு, அரிசிப் பானைக்குள் ஒரு இரவு வைத்தேன். காலையில் வேலை செய்தது. மூன்றாம் நாள் சார்ஜ் துளை பச்சை பூத்தது. நாலாம் நாள் போன் செத்தது. கடைக்குக் கொண்டுபோனால், "தண்ணி போனதுக்கு உத்தரவாதம் இல்லை சேர்" என்று அட்டையில் சின்ன எழுத்தைக் காட்டினார்கள்.

பிறகுதான் விசாரித்து அறிந்தேன். ஐபி 67 இல் ஆறு என்பது தூசிக்கு, ஏழு என்பது ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்குவதற்கு. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், புதுப் போனில் செய்வது. நமது வாவி கடலோடு கலக்கிற உவர் நீர். உப்பு உலோகத்தை அரிக்கும். உப்பு நீரில் விழுந்தால் உடனே நிறுத்தி, சிம்மைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் நன்றாகக் காய விட்டு, பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோக வேண்டும். ஈரத்தோடு சார்ஜ் ஏற்றவே கூடாது. அரிசிக்குள் போட வேண்டாம் என்று அப்பிள் கம்பனியே 2024 இல் அறிவுறுத்தியிருக்கிறது, அரிசித் துகள் உள்ளே போய்ப் பழுதாக்கும் என்பதால். வாவியில் இறங்குகிறவர்களுக்கு மலிவான வழி ஒன்று உண்டு: வாய் இறுக்கி மூடுகிற பிளாஸ்ரிக் உறை.

6. பதிந்த போனா, பழைய போனா?

எந்தப் போனிலும் *#06# என்று அழுத்தினால் 15 இலக்கம் வரும். அதுதான் ஐஎம்இஐ, போனின் அடையாள அட்டை இலக்கம். ஐ, எம், இ, ஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் எழுதி 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிந்திருக்கிறதா என்று பதில் வரும். காசு கொடுக்குமுன் இதைச் செய்யுங்கள். பெட்டி, பற்றுச்சீட்டு, போன் மூன்றிலும் ஒரே இலக்கம் இருக்க வேண்டும்.

கைமாறிய போன் வாங்குவதில் தவறில்லை. ஆனால் பழைய சொந்தக்காரர் தன் கூகுள் கணக்கை உங்கள் முன்னிலையிலேயே நீக்கித் தர வேண்டும். இல்லாவிட்டால் போன் ஒரு நாள் பூட்டிக்கொள்ளும். மிகப் பழைய அன்ட்ரொயிட் உள்ள போனும் வேண்டாம். 2023 ஒக்டோபரில் அன்ட்ரொயிட் 5.0க்கு முந்திய போன்களில் வட்ஸ்அப் நின்றுவிட்டது. காலம் போகப் போக இந்த எல்லை மேலே ஏறும்.

பற்றுச்சீட்டுத் தராமல், உத்தரவாதத்தை மறுத்து யாராவது ஏமாற்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் முறையிடலாம்.

7. தவணைக் கணக்கு

அந்த அக்காவின் கணக்கைப் பாருங்கள். போனின் கைக்காசு விலை 60,000 ரூபா. தவணையில் முதலில் கட்டியது 12,000. பிறகு மாதம் 5,500 வீதம் 12 மாதம், அது 66,000. மொத்தம் 78,000. மேலதிகமாகப் போனது 18,000 ரூபா. "மாதம் 5,500தான் அக்கா" என்று சொன்னவர் இந்த 18,000 பற்றி வாய் திறக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. பெருக்கிப் பார்ப்பது நம்முடைய வேலை.

தவணைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பேன்? ஒரு மாதம் கட்டத் தவறினால் என்ன நடக்கும்? பதிலைப் பத்திரத்தில் விரலால் காட்டச் சொல்லுங்கள். வாசிக்க முடியாவிட்டால் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், நான் வாசித்துச் சொல்கிறேன்.

முடிவாக

என் சித்தி சவூதிக்குப் போன காலத்தில் அவவின் குரலைக் கேட்க எங்களுக்குக் கேசட்தான் வழி. அவ கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவா. ஒரு மாதம் கழித்து எங்கள் கையில் கிடைக்கும். வீட்டார் எல்லோரும் சுற்றி இருந்து கேட்போம். அம்மம்மா கேசட்டுக்குப் பதில் சொல்லுவா. இன்று அதே பேச்சை அந்த நேரமே முகம் பார்த்துப் பேசுகிறோம். போன் நமக்குத் தந்திருக்கிற பெரிய பாக்கியம் அது. அதற்குத் தேவையான போன் விலை கூடிய போனாக இருக்க வேண்டும் என்று இல்லை.

அக்கா இப்போது பேரனுக்கு வீடியோ நேரத்தைக் குறைத்திருக்கிறார். சிம்மை மாற்றினார். இரவு எட்டு மணிக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் படுக்கிறார். பெரியவரின் பட்டன் போன் மாதிரி ஒன்றையும் மலிவாக வாங்கி அம்மாவின் கட்டில் பக்கம் வைத்திருக்கிறார். "அது ஒரு கிழமைக்குச் சார்ஜ் நிக்குது ஐயா" என்கிறார்.

வீட்டுப் பாடம்

1. போனால் உங்களுக்கு ஒரு நாளில் ஆகிற வேலைகளை எழுதுக. முக்கியமான மூன்றின் கீழ்க் கோடிடுக.
2. உங்கள் போனின் 15 இலக்கத்தைக் கண்டுபிடித்து, பற்றுச்சீட்டோடு சேர்த்து ஒரு தாளில் எழுதி வைக்குக. போன் களவு போனால் பொலிசில் முறையிட அது உதவும்.
3. கைக்காசு விலை 40,000. தவணையில் முதல் 8,000, பிறகு மாதம் 4,000 வீதம் 10 மாதம். மேலதிகமாக எவ்வளவு கட்டுவீர்கள்?
4. வீட்டில் உள்ள சிறுவர், பெரியவர் எல்லோருக்கும் 1990 ஐ அழைக்கப் பழக்குக. போன் பூட்டியிருந்தாலும் அவசர அழைப்பு எடுக்கிற இடம் எங்கே என்று திரையில் காட்டிக் கொடுக்குக.

மூன்றாம் கேள்வியின் விடையை மாதக் கூட்டத்துக்கு வரும்போது சொல்லுங்கள். பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டும் வரலாம், ஆனால் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்